வாகன உள்விளக்குகளுக்கு ஏற்ற சிறு சுவிட்ச் பாகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தொடங்கி மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியார், வண்டன்மேடு வரை ஓடும் ஜீப்புகளிலும் கார்களிலும் பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி உள்விளக்கு பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பின்படி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கதவு மூடிய பிறகு விளக்கு சற்று நேரம் எரிந்து மெல்ல அணைய வேண்டும். இரவெல்லாம் நின்றாலும் பேட்டரி இறங்கிவிடக் கூடாது. இந்த மூன்றையும் சரியாகச் செய்து கொடுப்பது ஒரு மிளகளவு பாகம்தான் என்பதால், அதைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 12 வோல்ட் வண்டியே பேசப்படுகிறது.

உள்விளக்குக்கு மின்னணு சுவிட்ச் பாகம் கட்டாயம் தேவையா?

தேவையில்லை. ஓட்டுநர் கையால் போட்டு அணைக்கும் ஒற்றை விளக்குக்கு நல்ல தரமான ஒரு சாதாரண சுவிட்ச் போதும். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பழுதாகும் இடம்தான் ஒன்று கூடுகிறது. கதவு திறந்தால் தானாக எரிய வேண்டும், மெல்ல அணைய வேண்டும், ஒளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும், நுண்கட்டுப்படுத்திப் பலகை (நிரல்படி இயங்கும் சிறு கணினிப் பலகை) ஒன்று விளக்கை இயக்க வேண்டும் என்ற தேவைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சான டிரான்சிஸ்டரோ அதன் ஒரு வகையான மாஸ்ஃபெட்டோ வேண்டியிருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ரீட் சுவிட்சைக் கதவில் காந்தம் வைத்து இயக்குவோரும் உண்டு. அதன் தொடுமுனைகள் மிக மெல்லியவை என்பதால் அங்கே மாஸ்ஃபெட் ஒன்றைத் துணைக்கு வைத்து, ரீட் சுவிட்ச் வழியாகச் சில நுண் ஆம்பியர் மட்டும் ஓடும்படி செய்வது நெடுநாள் உழைக்கும்.

விளக்கு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. கூரை விளக்கில் வழக்கமாக இருக்கும் 5 வாட் இழை பல்பு 12 வோல்ட்டில் 0.42 ஆம்பியர் எடுக்கும். அதன் இடத்தில் வரும் எல்இடி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியரை ஒட்டியே நிற்கும். சிறு எல்இடிகள் மீட்டருக்கு 60 கொண்ட பட்டை 4.8 வாட், அதாவது மீட்டருக்கு 0.4 ஆம்பியர், பெரிய வகை எல்இடிகள் அதே எண்ணிக்கையில் உள்ள பட்டை 14.4 வாட், அதாவது மீட்டருக்கு 1.2 ஆம்பியர். முப்பது சென்டிமீட்டர் வெட்டினால் முறையே 0.12, 0.36 ஆம்பியர் என்று கணக்கு வரும்.

ஆனால் இவை அனைத்தும் சரியாக 12 வோல்ட்டுக்கான எண்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வோல்ட் வரை ஏற்றும். இது சிறு வேறுபாடாகத் தோன்றினாலும் எல்இடிப் பட்டைக்கு மிகப் பெரிது. பட்டையில் மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் ஒரு தொடராக இருக்கின்றன. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்று வைத்தால் மூன்றுக்கும் 9.6 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் மின்தடைக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட், 14.4 வோல்ட்டில் மிஞ்சுவது 4.8 வோல்ட். மின்தடையின் மேல் அழுத்தம் இரட்டிப்பானால் மின்னோட்டமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மின்னோட்டம் கூடும்போது எல்இடியின் அழுத்தமும் சற்றுக் கூடுவதால் முழு இரட்டிப்பு வராது. ஆனாலும் ஒன்றரை மடங்குக்கு மேலே போய்விடும் என்பதில் ஐயமில்லை. ஆகவே பாகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து, விளக்கு உண்மையில் எடுக்கும் மின்னோட்டத்தை அளந்துகொள்ள வேண்டும்; அளந்த எண்ணைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் பாகத்தை எடுக்க வேண்டும். பட்டை சில மாதங்களிலேயே கருகி மங்குவதற்கும் பெரும்பாலும் இந்தக் கூடுதல் மின்னோட்டமே காரணம் என்பதால், தொடரில் ஒரு மின்தடையைச் சேர்த்துக் கொடுப்பது பட்டைக்கும் நல்லது, சுவிட்ச் பாகத்துக்கும் நல்லது.

ரிலே, டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட் ஆகிய மூன்றில் எது பொருத்தம்?

இந்த வேலைக்கு மாஸ்ஃபெட் என்பதே என் முடிவு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிறிய 12 வோல்ட் ரிலேயின் சுருள் 400 ஓம். அது தன்னை இழுத்துப் பிடிப்பதற்கே 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். 100 மில்லி ஆம்பியர் விளக்கை இயக்க 30 மில்லி ஆம்பியரைச் செலவிடுவது பொருத்தமில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் டிக் என்று ஒலிக்கும், ஒளியைக் குறைக்கவும் அதனால் இயலாது. முகப்பு விளக்குக்கும் ஹாரனுக்கும் ரிலே சிறந்தது, உள்விளக்குக்கு அல்ல.

டிரான்சிஸ்டர் வேலை செய்யும். பிசி547 நூறு மில்லி ஆம்பியரை எல்லையாகக் கொண்டது என்பதால் அதை 50 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது நலம். பிசி337 தயாரிப்பாளரைப் பொறுத்து 500 முதல் 800 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். இரண்டுக்கும் 45 வோல்ட் எல்லை. டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க, விளக்கின் மின்னோட்டத்தில் பத்தில் ஒன்று முதல் இருபதில் ஒன்று வரை அதை இயக்கும் காலான பேஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். நூறு மில்லி ஆம்பியர் விளக்குக்கு 5 மில்லி ஆம்பியர் என்றால் 14 வோல்ட்டிலிருந்து 2.7 கிலோ ஓம், 5 வோல்ட் பலகையிலிருந்து 820 ஓம் மின்தடை பொருந்தும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட் முனையோ நிலையான நேரத்தில் மின்னோட்டமே எடுப்பதில்லை. அதனால்தான் மெல்ல அணையும் சுற்றுகளும் பேட்டரியை மிச்சப்படுத்தும் சுற்றுகளும் அதைக் கொண்டு எளிதாக அமைகின்றன.

12 வோல்ட் வண்டிக்கு 30 வோல்ட் தாங்கும் பாகம் போதாதா?

மேசையில் போதும், வண்டியில் போதாது. தேர்வில் ஆம்பியரை மட்டும் பார்த்து வோல்ட்டை விட்டுவிடுவதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்ஜின் ஓடி, ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் தீவிரமாக மின்னேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேட்டரி முனை திடீரென்று கழன்றுவிட்டால், ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் உடனே குறைய முடியாமல் வண்டியின் வயரிங் முழுவதிலும் மின்னழுத்தம் எகிறும். வாகன மின்சோதனைகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, இந்த எழுச்சியை ஒடுக்கும் அமைப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு 79 முதல் 101 வோல்ட் வரையும், ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ஒடுக்கும் அமைப்பு உள்ள வண்டிக்கு 35 வோல்ட்டும் என்று வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. எழுச்சி நீடிப்பது ஒரு வினாடியின் சிறு பகுதிதான் என்றாலும் மாஸ்ஃபெட் உள்ளே பொசுங்க அதுவே தாராளம். தோட்டத்துச் சாலைகளில் கல்லிலும் பள்ளத்திலும் நாள் முழுதும் குலுங்கும் ஜீப்பில் பேட்டரி முனை தளர்வது அன்றாடம் காண்பது. அதோடு பழைய ஜீப்புகளின் ஆல்டர்னேட்டரில் ஒடுக்கும் அமைப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பேட்டரி இறங்கிய வண்டியை லாரியின் 24 வோல்ட்டில் கம்பி கொடுத்துக் கிளப்புவதும் நம் பக்கத்தில் நடக்கிறது.

இதற்கு எதிராக டிவிஎஸ் டையோடு என்னும் மின்னெழுச்சி அடக்கியைப் பயன்படுத்துகிறோம். எஸ்எம்ஏஜே24ஏ என்ற டையோடு 24 வோல்ட் வரை அமைதியாக இருக்கும். லாரியின் இன்ஜின் ஓடாத நிலையில் கம்பி கொடுத்துக் கிளப்பும்போதும் தடுமாறாது. எழுச்சி வந்தால் தன் முழு மின்னோட்டத்தில் 38.9 வோல்ட்டில் அதைப் பிடித்து நிறுத்தும். இப்போது கணக்கைப் பாருங்கள். காவலர் 38.9 வோல்ட்டில் பிடிக்கிறார் என்றால் 30 வோல்ட் பாகம் அதற்கு முன்பே எல்லை தாண்டிவிடுகிறது. ஆகவே டையோடு இருந்தாலும் பாகத்தின் எல்லை 55 அல்லது 60 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஒடுக்கும் அமைப்பு இல்லாத ஆல்டர்னேட்டரின் முழு எழுச்சியையும் இந்தச் சிறு டையோடு தனியாக விழுங்கிவிடாது என்பதால், அதற்கு முன்னால் தொடரில் 10 முதல் 22 ஓம் மின்தடை ஒன்றை வைத்து, அதன் வழியாக விளக்குச் சுற்றுக்கு மின்சாரம் கொடுப்பது பாதுகாப்பு. நூறு மில்லி ஆம்பியர் விளக்குக்கு அந்த மின்தடை ஒன்று அல்லது இரண்டு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். முன்னே சொன்ன கூடுதல் மின்னோட்டத்தையும் அதுவே குறைத்துவிடுவதால் இரு வேலை ஒன்றாக முடிகிறது.

கேட் முனைக்கும் தனி எல்லை உண்டா?

உண்டு, இதைக் கவனிக்காமல்தான் பலர் நல்ல பாகத்தையும் இழக்கிறார்கள். ஏஓ3400 என்ற சிறு மாஸ்ஃபெட் 30 வோல்ட், 5.8 ஆம்பியர் என்று விவரத்தாளில் அழகாகத் தெரியும். ஆனால் அதன் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (விளக்கின் மின்னோட்டம் ஓடும் இரு கால்களில் ஒன்று, மற்றது டிரெய்ன்) இடையே 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. வண்டியின் 14.4 வோல்ட்டை நேராகக் கேட்டில் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே அது எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. உடனே போகலாம், ஆறு மாதம் கழித்தும் போகலாம். அதன் எதிர்வகை இணையான ஏஓ3401க்கும் இதே 12 வோல்ட்தான் எல்லை. 2என்7000 போன்ற பாகங்களுக்கு எல்லை 20 வோல்ட், 14.4 வோல்ட்டில் அவை நிம்மதியாக இருக்கும், ஆயினும் எழுச்சிக்கு எதிராக அழுத்தத்தை 10 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத 10 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றைக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே வைத்து, கேட்டுக்குப் போகும் வழியில் 10 கிலோ ஓம் மின்தடை வைப்பது எந்தப் பாகத்துக்கும் தகும். செலவு சில ரூபாய்.

அப்படியானால் எந்தப் பாகத்தை வாங்கலாம்?

நூறு மில்லி ஆம்பியருக்குள் நிற்கும் எல்இடி விளக்குக்கு 2என்7000 போதும். அது 60 வோல்ட் தாங்கும், தொடர்ந்து 200 மில்லி ஆம்பியர் கடத்தும், மூன்று கால் கொண்ட பழைய டிஓ-92 உருவில் வருவதால் கையால் ஈயம் வைப்பதும் எளிது. திறந்த நிலையில் அதன் மின்தடை அதிகபட்சம் 5 ஓம். 100 மில்லி ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பும் 50 மில்லி வாட் சூடும் என்றாகும். அரை வோல்ட் குறைவது எல்இடியில் கண்ணுக்குத் தெரியாது, 50 மில்லி வாட்டில் பாகம் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. ஆனால் அந்த 5 ஓம் என்பது கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது தரப்படும் உறுதி, 3.3 வோல்ட் பலகையிலிருந்து இதை இயக்க முயன்றால் முழுதாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது.

பட்டை நீண்டு மின்னோட்டம் அரை ஆம்பியரை நெருங்கினால் ஐஆர்எல்எம்எல்0060 வகையைப் பார்க்கலாம். 60 வோல்ட், 2.7 ஆம்பியர், கேட்டில் 4.5 வோல்ட் இருந்தாலே அதன் மின்தடை 0.12 ஓமுக்குள் இறங்கிவிடும். கேட் எல்லை 16 வோல்ட் என்பதால் ஜீனரை விட்டுவிடக் கூடாது. மிகச் சிறிய எஸ்ஓடி-23 உருவில் வருவதால், கையில் பழக்கம் இல்லாதவர்கள் சிறு மாற்றுப் பலகையோடு வாங்குவது நல்லது. வாகனத் தகுதி பெற்ற பாகம் வேண்டுமென்றால் விவரத்தாளில் ஏஇசி-க்யூ101 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்; டையோடு, டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட் போன்ற தனிப் பாகங்களுக்கான வாகனத் தகுதிச் சோதனைத் தொகுப்பு அது.

பழைய இழை பல்பை வைத்துக்கொண்டே 2என்7000 போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. குளிர்ந்த இழை தொடக்கத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு எடுக்கும், 0.42 ஆம்பியர் பல்பு கண்ணிமைக்கும் நேரம் 4 ஆம்பியரைத் தொடும். 2என்7000இன் நொடிநேர எல்லையே அரை ஆம்பியர்தான்.

பழுதான இன்வெர்ட்டரில் கழற்றிய 49 ஆம்பியர் மாஸ்ஃபெட் கையில் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

ஐஆர்எஃப்இசட்44என் என்பது நீங்கள் சொல்லும் பாகமாக இருக்கக்கூடும். 55 வோல்ட் தாங்கும் என்பதால் அழுத்தத்தில் குறையில்லை; கேட் எல்லை 20 வோல்ட் என்பதும் நல்லதே. கதவு சுவிட்ச் வழியாக 12 வோல்ட்டில் கேட்டை இயக்கினால் அது ஒழுங்காக வேலை செய்யும். பலகையிலிருந்து 3.3 வோல்ட்டிலோ 5 வோல்ட்டிலோ இயக்கினால்தான் சிக்கல்: அது திறக்கத் தொடங்கும் அழுத்தமே 2 முதல் 4 வோல்ட்டுக்குள் எங்கும் இருக்கலாம் என்பதால் ஒரு வண்டியில் எரியும் விளக்கு இன்னொரு வண்டியில் எரியாது. பெயரில் எஃப் இருக்கும் இடத்தில் எல் உள்ள ஐஆர்எல்இசட்44என் வகை 5 வோல்ட்டுக்காகவே செய்யப்பட்டது. ஆயினும் கழற்றிய பாகத்தின் முன்வரலாறு நமக்குத் தெரியாது. எல்லை தாண்டி ஒருமுறை பாதிக்கப்பட்ட கேட் மேசைச் சோதனையில் தேறிவிட்டுப் பின்னால் கசியத் தொடங்கலாம். சில ரூபாயில் புதுச் சிறு பாகம் கிடைக்கும்போது அதை எதற்கு நம்ப வேண்டும்?

சுவிட்சை எர்த் பக்கம் வைப்பதா, பிளஸ் பக்கம் வைப்பதா?

விளக்கின் பிளஸ் முனைக்குப் பியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் இருந்து, கதவுத் தூணில் உள்ள பொத்தான் எர்த்தைத் தொட்டு விளக்கை எரியவைக்கும் அமைப்புதான் பல கார்களில் உள்ளது. அங்கே எர்த் பக்கத்தில் என் வகை (கேட்டில் பிளஸ் அழுத்தம் கொடுத்தால் திறக்கும் வகை) மாஸ்ஃபெட் வைப்பதே எளிமை. ஏஓ3401 தவிர மேலே சொன்ன மாஸ்ஃபெட்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

விளக்கின் உலோகக் கூடே எர்த்தாக இருந்தால், அல்லது ஜீப்பின் இரும்புக் கூட்டில் விளக்கு நேராகத் திருகப்பட்டிருந்தால், பிளஸ் பக்கத்தில்தான் சுவிட்ச் வைக்க முடியும். அதற்குப் பி வகை (கேட்டை எர்த் பக்கம் இழுத்தால் திறக்கும் வகை) வேண்டும். எஸ்ஐ2309 வகை 60 வோல்ட்டும் 20 வோல்ட் கேட் எல்லையும் உடையது. பெரிய உருவில் வேண்டுமென்றால் 55 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்9இசட்34என் இருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: பி வகையின் கேட் அணைந்த நிலையில் வண்டியின் முழு 14.4 வோல்ட்டில் நிற்கும் என்பதால், 5 வோல்ட் பலகையின் கால் ஒன்றை அதில் நேராக இணைத்தால் விளக்கு அணையாது, பலகையும் கெடும். நடுவே ஒரு சிறு என் வகை மாஸ்ஃபெட்டோ பிசி547ஓ வைத்து அதன் வழியாகவே கேட்டை எர்த்துக்கு இழுக்க வேண்டும்.

கதவு மூடிய பின் விளக்கு மெல்ல அணைய என்ன செய்வது?

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் 100 கிலோ ஓம் மின்தடையையும் இணைத்துவிட்டால் கதவு மூடியதும் மின்தேக்கி மெல்ல வடியும். பத்து வோல்ட்டிலிருந்து மாஸ்ஃபெட் மூடும் 2 வோல்ட் வரை வடிய ஏறத்தாழ 7 முதல் 8 வினாடி ஆகும். மின்தடையை 220 கிலோ ஓமாக்கினால் நேரம் இரட்டிப்புக்குச் சற்று மேலே போகும். மின்தேக்கி 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். முன்னே சொன்ன ஜீனர் டையோடு இங்கேயும் கேட்டின் மேல் இருக்கட்டும்.

அணையும் அந்த வினாடிகளில் மாஸ்ஃபெட் பாதி திறந்திருப்பதால் அதற்குள் சூடு பிறக்கும். பாகத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்தச் சூடுதான். நூறு மில்லி ஆம்பியர் எல்இடி விளக்கில் எல்இடிகள் போக மின்தடைக்கு மிஞ்சுவது சுமார் 5 வோல்ட். அதில் பாதியான 2.5 வோல்ட் மாஸ்ஃபெட்டின் மேல் இருந்து பாதி மின்னோட்டமான 50 மில்லி ஆம்பியர் ஓடும் கணத்தில்தான் சூடு உச்சம் பெறும். அது 125 மில்லி வாட். 2என்7000 அறை வெப்பத்தில் 400 மில்லி வாட் தாங்கும் என்பதால் கவலையில்லை. அதே சுற்றில் 5 வாட் இழை பல்பை வைத்தால் உச்சச் சூடு ஒன்றரை வாட்டைத் தொடும். சிறு பாகம் எதுவும் அதைத் தாங்காது. மெல்ல அணையும் சுற்றும் இழை பல்பும் சேர வேண்டுமென்றால் மட்டும் டிஓ-220 உருவில் பெரிய பாகம் தேவைப்படுகிறது.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது. பாகம் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எல்இடி சில நுண் ஆம்பியரிலேயே இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரும். இழை பல்பில் தெரியாமல் போன கசிவு எல்லாம் இதில் வெளிப்பட்டுவிடும். முதலில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே கேட்டை அணைந்த நிலையில் பிடித்துவைக்கும் இழுப்பு மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். மின்தடையே இல்லாமல் கேட்டை அந்தரத்தில் விட்டாலும், 1 மெகா ஓம் போன்ற பெரிய மதிப்பை வைத்தாலும், பலகையில் படியும் ஈரமே கேட்டைத் திறந்துவிடப் போதுமானது. ஆனி, ஆடி மாதங்களில் குமுளிப் பக்கம் வண்டியை விட்டுவைப்பவர்கள் இதை அதிகம் காண்பார்கள். 10 முதல் 100 கிலோ ஓம் வரை வைத்தால் இது நிற்கும்.

புதிய கார்களில் வேறொரு காரணமும் உண்டு: வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியே பல்பு இருக்கிறதா என்று சோதிக்கச் சிறு மின்னோட்டத்தை அனுப்பும். அந்த வண்டிகளில் விளக்குக்குக் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் மின்தடை இணைத்தால் மங்கல் ஒளி மறையும்.

இந்தச் சுற்று பேட்டரியை இறக்குமா?

மாஸ்ஃபெட் இறக்காது, அதனுடன் சேர்க்கும் ரெகுலேட்டர் இறக்கும். பலகைக்கு 5 வோல்ட் கொடுக்க எல்லோரும் எடுக்கும் 7805 எந்தச் சுமையும் இல்லாதபோதே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 0.12 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது பத்தில் ஒரு பங்கு. தினமும் மலையேறி இறங்கும் ஜீப்புக்கு இது பொருட்டில்லை. விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள் வீட்டில் நிறுத்திவைத்திருக்கும் காருக்கு இது பெரிய செலவு. கதவு சுவிட்ச், மின்தேக்கி, மாஸ்ஃபெட் மட்டும் கொண்ட எளிய சுற்றை நான் விரும்பக் காரணம் இதுவே: அணைந்த பின் அது எடுப்பது அளவிடவே சிரமமான நுண் ஆம்பியர் மட்டும்.

மழை, ஈரம், வெயில் ஆகியவற்றைத் தாங்க என்ன செய்ய வேண்டும்?

ஒரே வண்டி காலையில் மலைமேல் பனிமூட்டத்தில் நனைந்து, மதியம் கம்பத்தில் வெயிலில் கூரை சுட நிற்கிறது. குளிர்ந்த பலகையில் ஈரக் காற்று பட்டால் நீர்த்துளி படியும். பிறகு அது சூட்டில் காயும். ஈயம் வைக்கும்போது மிஞ்சிய பிசின் அந்த ஈரத்தோடு சேர்ந்து கசிவுப் பாதையாகும். எனவே ஈயம் வைத்து முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிசினைத் துடைத்துவிட்டு, மின்பலகைக்கான வார்னிஷ் பூசி, முழுதும் காய்ந்த பின் சுருங்குகுழாயில் அடைக்க வேண்டும். சூட்டுப் பசையைக் கூரையடியில் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் இளகி, பலகை கீழே தொங்கும். கூரைக்கு அருகே வைப்பதைவிட டேஷ்போர்டுக்கு அடியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்து, விளக்குக்கு வயரை மட்டும் கொண்டுபோவது நல்லது. சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் திறந்தநிலை மின்தடையும் கூடும் என்பதால்தான் எல்லாக் கணக்கிலும் இரண்டு மடங்கு இடைவெளி கேட்கப்படுகிறது.

தனி பியூஸ் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வண்டியின் உள்விளக்குப் பியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். நாம் இழுக்கும் மெல்லிய வயர் அதற்கு முன்பே தீப்பிடிக்கும். 1 ஆம்பியர் பியூஸை, மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும். துணிக் கூடாரமும் ரப்பர் விரிப்பும் உள்ள, பத்துப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டி அது என்பதை மனத்தில் வைத்து இதைச் செய்யுங்கள்.

ஒளியைக் குறைத்தால் ரேடியோவில் இரைச்சல் வருகிறது. ஏன்?

விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து ஒளியைக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறையில் மாஸ்ஃபெட் மிக வேகமாகத் திறந்து மூடுவதால் நீண்ட விளக்கு வயர் ஏரியலாகிவிடுகிறது. கேட் வழியில் சில நூறு ஓம் மின்தடை வைத்து வேகத்தைக் குறைத்து, திறந்து மூடும் எண்ணிக்கையை வினாடிக்கு 200 முதல் 500 வரை வைத்து, விளக்கின் இரு வயர்களையும் முறுக்கிக் கொண்டுபோனால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் தடை சொல்வார்களா?

வெள்ளை நிறத்தில், மங்கலாக, வண்டிக்கு உள்ளேயே விழும் விளக்கு எரிச்சலூட்டுவதில்லை. வெளியே தெரியும் வண்ண விளக்கு, மின்னிமின்னி எரியும் விளக்கு, ஓட்டுநரின் கண்ணில் படும் விளக்கு ஆகியவைதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து விபத்து நடந்த பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை கூடுதல் விளக்குகளை இன்னும் கடுமையாகப் பார்க்கத் தொடங்கியது. சபரிமலைப் பருவத்தில் வண்டி கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஓடும்போது உள்விளக்கு தானாக அணையும்படி அமைத்துவிடுவது சட்டத்துக்கும் ஏற்றது, வளைவுப் பாதையில் இரவு ஓட்டுபவரின் பார்வைக்கும் ஏற்றது.

லாரிக்கும் இதே பாகங்கள் பொருந்துமா?

பொருந்தா. லாரியிலும் பெரிய பேருந்திலும் 24 வோல்ட். ஓடும்போது 28 வோல்ட்டுக்கு வரும். அங்கே 100 வோல்ட் தாங்கும் பாகமும், அதற்கேற்ற உயர்ந்த டிவிஎஸ் டையோடும் வேண்டும். கேட்டில் ஜீனர் இல்லாமல் 20 வோல்ட் எல்லை உள்ள பாகமும் தப்பாது.

கேட்ட பாகம் கடையில் இல்லை, வேறொன்றைக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பெயர் வேறாக இருப்பதால் தவறில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் எறணாகுளம் பள்ளிமுக்கிலும்கூடக் கேட்ட எண் எப்போதும் கிடைப்பதில்லை. கொடுக்கும் பாகத்தின் விவரத்தாளைக் கைபேசியிலேயே திறந்து, முதலில் டிரெய்ன்-சோர்ஸ் அழுத்தம் 55 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, அடுத்து கேட் எல்லை 16 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, பிறகு நீங்கள் கொடுக்கப்போகும் கேட் அழுத்தத்தில் திறந்தநிலை மின்தடை உறுதியாகத் தரப்பட்டிருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். ஆம்பியரைக் கடைசியில் பார்த்தால் போதும். கால்களின் வரிசையையும் சரிபார்க்க வேண்டும். பிசி547க்கும் 2என்7000க்கும் உருவம் ஒன்றே, கால்களின் வேலை வேறு.

போலிச் சரக்கும் கலந்து வருவதால் வண்டியில் ஏற்றும் முன் மேசையில் ஒரு சோதனை செய்யுங்கள்: கேட்டில் 10 வோல்ட் கொடுத்து, 100 மில்லி ஆம்பியர் ஓடவிட்டு, டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 2என்7000 அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாகத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.